வாயில் அகப்படாதது

கால்நடை கிளினிக் வாசலில் செருப்பை விடுவதற்கு முன்பே கோமதிநாயகம் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். வேர்க்குதாப்பா என்று உமையாள் கேட்டாள். ஆமாம் என்றார். வேர்க்கவில்லை. பத்தரை மணி வெயில் ஜன்னல் வழியாக வந்து மணிக்கட்டில் விழுந்தால் கடிகாரக் கண்ணாடி எதிர்ச்சுவரில் ஒரு வெளிச்சத் துண்டை எறியும், அந்த ஒரு துண்டு போதும் நாய் ரஸ்க் சங்கிலியோடு அவரையும் இழுத்துக்கொண்டு போய்ச் சுவரில் மோத. அது அவருக்கு மட்டும்தான் தெரியும். வீட்டில் எவர்சில்வர் டம்ளர்கள் அலமாரிக்குள் போய் மூன்று மாதம் ஆகிறது. மனைவி பகவதி ஏன் என்று கேட்டதற்குத் தூசி படுகிறது என்று சொல்லியிருந்தார். பள்ளிக்கூடத்துக்குக் காலை எட்டு மணிக்குப் போய் மாலை ஐந்துக்குத் திரும்பும் தலைமையாசிரியைக்கு டம்ளரைப் பற்றி யோசிக்க நேரமில்லை. ரஸ்க் அவர் காலடியில் நின்றது. மூன்று வருடங்களுக்கு முன்பு உமையாள் கோவில்பட்டி நெடுஞ்சாலை ஓரத்திலிருந்து துப்பட்டாவில் சுற்றி எடுத்து வந்த குட்டி, சிப்பிப்பாறை வேட்டைநாய்க் கலப்பு, தேநீரில் நனைத்த ரஸ்க்கின் நிறம், அதனால் அந்தப் பெயர். இப்போது மூக்கு நுனியில் மயிர் உதிர்ந்து தோல் இளஞ்சிவப்பாக வழவழத்தது. சுவரில் உரசி உரசி வந்தது. முன்னங்கால் நகங்கள் சதை வரை தேய்ந்திருந்தன. விலா எலும்பை எண்ணலாம். பூனாவில் வேலைக்குப் போன உமையாள் பத்து மாதம் கழித்து முந்தாநாள் வந்து இறங்கினாள். அங்கே இப்போது அவளுக்குத் தரைத்தளத்தில் ஒரு வீடு, பின்பக்கம் கொஞ்சம் மண். திங்கட்கிழமை ரயிலில் ரஸ்க்கைக் கூட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு. ரயிலில் ஏற்ற டாக்டரின் சான்றிதழ் வேண்டும். முந்தாநாள் அவள் வீட்டுக் கதவைத் திறந்து உள்ளே வந்தபோது ரஸ்க் எழுந்து வந்து அவள் காலை முகர்ந்தது, வாலை ஒருதரம் ஆட்டியது, பிறகு திரும்பிப் போய் ஹாலின் மேற்குச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டது. அவள் குளியலறைக்குப் போனாள். வெகுநேரம் குழாய் ஓடியது. வாளி நிரம்பி வழிகிற சத்தம் கேட்டும் அவள் குழாயை அடைக்கவில்லை. அந்தச் சத்தத்தைக் கேட்டபடி அவர் சோபாவில் உட்கார்ந்து, சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

அது இப்போதும் அங்கேதான் இருக்கிறது. வெள்ளி நிறம், பேனா கனம், பையில் செருகிக்கொள்ளக் கிளிப். வீட்டில் விட்டுவிட்டு வரலாம் என்றுதான் நினைத்தார், ஆனால் நேற்று உமையாள் கத்தரிக்கோல் தேடி மேசை இழுப்பறைகளை ஒவ்வொன்றாகத் திறந்ததைப் பார்த்த பிறகு அவருக்கு வீட்டின்மேல் நம்பிக்கை போய்விட்டது. ஆற்றில் போட்டிருக்கலாம். வண்ணாரப்பேட்டைப் பாலத்தை நேற்றுகூடத் தாண்டினார், ஸ்கூட்டரை நிறுத்தவும் செய்தார், கீழே தண்ணீரைப் பார்த்தார், வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். ஏன் போடவில்லை. அந்தக் கேள்வியின் பக்கம் போகும்போதெல்லாம் மனசு வேறு ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளும். இப்போது எதிர் பெஞ்சில் வெள்ளாட்டுக் குட்டியை மடியில் வைத்திருந்தவரைப் பிடித்துக்கொண்டது. குட்டியின் வயிறு உப்பியிருந்தது. அந்த ஆள் ரஸ்க்கையே பார்த்துக்கொண்டிருந்தார். ரஸ்க் காலண்டருக்குக் கீழே வெறுஞ்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது, கண் இமைக்காமல், கழுத்து நீண்டு, ஒரு முன்னங்கால் தரையைவிட்டு எழும்பியபடி. “என்ன அண்ணாச்சி, சுவத்துல படம் ஓடுதா? எனக்குத் தெரியலியே” என்றார் ஆட்டுக்காரர். பக்கத்தில் இருந்த பெண் சிரித்தாள். கோமதிநாயகமும் சிரித்தார். உமையாள் சிரிக்கவில்லை. அவள் குனிந்து ரஸ்க்கின் காதுக்குப் பின்னால் சொறிந்துகொடுத்தாள், முன்பெல்லாம் அங்கே சொறிந்தால் அது பின்னங்காலைத் தூக்கித் தூக்கி அடிக்கும், இப்போது ஒன்றும் செய்யவில்லை, வேறு யாருடைய காதையோ சொறிவதுபோல் நின்றது. தலைக்குள்ள என்னமோ ஆயிருக்குப்பா, நீங்க தனியா கிடந்து எவ்வளவு கஷ்டப்பட்டீங்களோ, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே என்றாள். அவர் தலையை ஆட்டினார். எதற்கு ஆட்டினோம் என்று பிறகுதான் யோசித்தார். ஆமாம் கஷ்டப்பட்டேன் என்பதற்கா, சொல்லவில்லை என்பதற்கா.

ஆரம்பத்தில் அதில் தப்பு ஒன்றும் இல்லை. அதை அவர் எந்தக் கடவுள் முன்னாலும் சொல்வார். உமையாள் போன முதல் மாதம் ரஸ்க் சோபா மெத்தையைக் கிழித்தது, பகவதியின் விடைத்தாள் கட்டைக் கிழித்தது, கதவின் அடிப்பலகையைக் கடித்துத் துப்பியது. வேட்டைக்கு ஓடுகிற சாதி, ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் ஓடவில்லையென்றால் அதன் உடம்பே அதற்கு வேண்டாததாகிவிடும். அவருக்கு முழங்கால் தேய்மானம், இரண்டாம் மாடி, லிஃப்ட் இல்லை. ஒருநாள் பழைய ஆபீஸ் கைப்பையைத் துழாவியபோது அந்த லேசர் பாயிண்டர் அகப்பட்டது, இப்போது சட்டைப்பையில் இருப்பது. பேட்டரி இருக்கிறதா என்று சும்மா அழுத்தினார். தரையில் ஒரு சிவப்புப் புள்ளி. ரஸ்க் ஒரே பாய்ச்சலில் வந்து விழுந்த விதத்தைப் பார்த்து அவர் சத்தமாகச் சிரித்தார். வேலையை விட்டு எட்டு மாதம் ஆகியிருந்தது, அந்த எட்டு மாதத்தில் வந்த முதல் சிரிப்பு. பத்தே நிமிடம், ஹாலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, நாய் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு படுத்துவிட்டது. மத்தியானம் முழுக்கத் தூங்கியது. சோபா பிழைத்தது. ரஸ்க் திருந்திட்டானே என்றாள் பகவதி. வீடியோவில் உமையாள், அப்பா உங்ககிட்ட மட்டும் எப்படி அடங்குறான் என்றாள், அவர் அதற்கெல்லாம் ஒரு கை வேணும் என்றார். ஒரு கை. கட்டைவிரல் என்று சொல்லியிருக்கலாம். பத்து நிமிடம் அரை மணி ஆனது எப்போது என்று அவருக்கு நினைவில்லை. ஆனால் புள்ளியைத் தரையிலிருந்து சுவருக்கு ஏற்றிய நாள் நினைவிருக்கிறது. நாய் எம்பினால் எட்டும் உயரம் அவருக்குத் தெரிந்திருந்தது. அதற்கு மேல் ஒரு சாண். அந்த ஒரு சாணில் புள்ளியை அசையாமல் வைத்தார். நாய் எம்பியது, விழுந்தது, எம்பியது. பிறகு புள்ளியை அலமாரிக்குப் பின்னால் கொண்டுபோய் அணைத்தார். காப்பி போட்டு எடுத்துவந்து உட்கார்ந்தார். அலமாரிக்கும் சுவருக்கும் இடையில் மூக்கை நுழைத்து அது முனகிக்கொண்டே நின்றது, அவர் காப்பியைக் குடித்து முடித்தார், செய்தித்தாளைப் படித்து முடித்தார், அது நின்றுகொண்டே இருந்தது. அதன் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நெஞ்சுக்குள் ஒரு இதம் பரவியதே, அதற்கு என்ன பேர். பாவம் என்று தோன்றவும் செய்தது. இரண்டும் ஒரே இடத்திலிருந்து வந்ததுதான் அவரை இன்றைக்கும் தூங்கவிடாமல் செய்கிறது. அப்புறம் பால்கனி. ஐப்பசி மழை விட்ட ஒரு சாயங்காலம், கம்பிக்கு வெளியே, கீழ்வீட்டுத் தகரக் கூரையின் நனைந்த விளிம்பில் புள்ளியை வைத்துப் பார்த்தார். ரஸ்க் கம்பிக்கு மேல் முன்னங்கால்களைப் போட்டது. பின்னங்கால்கள் குறுகின. ஒரு நொடிதான். இரண்டு நொடி. அணைத்துவிட்டார். அணைத்துவிட்டேன் இல்லையா, என்று அவர் தன்னிடமே பலமுறை கேட்டிருக்கிறார், கேட்கும்போதெல்லாம் அந்த இரண்டாவது நொடி எதற்கு என்று யாரோ திருப்பிக் கேட்பார்கள்.

பால்துரையின் கை நினைவுக்கு வந்தது. எப்போதும் இந்த இடத்தில்தான் வரும். மருந்துக் கம்பெனியில் அவர் வட்டார மேலாளராக இருந்த பதினாலு வருடமும் மாதம் ஒரு ரிவ்யூ மீட்டிங், ஜங்ஷன் பக்கம் ஒரு ஹோட்டலின் குளிரூட்டிய ஹால், திரையில் இருபத்தாறு விற்பனைப் பிரதிநிதிகளின் பெயர்கள். அவர் கத்தமாட்டார். மற்ற மேலாளர்கள் கத்துவார்கள், தாயைப் பழிப்பார்கள், அவர் இதே பாயிண்டரின் புள்ளியைப் பெயரின்மேல் வைப்பார். அவ்வளவுதான். வைத்துவிட்டுப் பேசாமல் நிற்பார். சம்பந்தப்பட்டவன் எழுந்து நிற்பான், ஏதோ சொல்ல ஆரம்பிப்பான், புள்ளி நகராது, அவன் சொல்வது குழறும், நிற்கும். விற்பனைக் குறியை நெருங்கியவனுக்கு அடுத்த மாதம் குறியை உயர்த்திவைப்பார். யாரையும் எட்டவிட்டதில்லை, எட்டிவிட்டால் உட்கார்ந்துவிடுவான் என்பது அவருடைய தொழில் ரகசியம். ஜூனியர்களுக்குச் சொல்லிக்கூடக் கொடுத்திருக்கிறார். ஒருதடவை சங்கரன்கோவில் பகுதியைப் பார்த்த பால்துரை எழுந்து நின்றபோது புள்ளி திரையைவிட்டு இறங்கி அவன் சட்டைப் பொத்தானுக்கு வந்தது. ஏன் வந்தது, கை அசைந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தார். பொத்தானிலிருந்து கழுத்து. கழுத்திலிருந்து நெற்றி. ஹாலில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பால்துரைக்கு என்னவென்று புரியவில்லை, நெற்றியில் பூச்சி உட்கார்ந்ததாக நினைத்துப் புறங்கையால் தட்டிவிட்டான். மறுபடி தட்டிவிட்டான். இருபத்தைந்து பேர் சிரித்தார்கள். அவனும் சிரித்தான், அதுதான், அவனும் சிரித்தான். மூன்று மாதத்தில் வேலையை விட்டுப் போனான். போன வருடம் புது பஸ் ஸ்டாண்டில் எதிரே வந்து, சார் சௌக்கியமா என்று கேட்டான். நன்றாகத்தான் இருந்தான், கோழித்தீவனக் கடை வைத்திருப்பதாகச் சொன்னான், மனதில் எதுவும் இல்லாதவன்போல் பேசினான். பேசிக்கொண்டிருக்கும்போதே அவனுடைய வலது கை மெல்ல உயர்ந்து நெற்றியைத் தட்டிவிட்டது. அவனுக்குத் தெரியாது. கோமதிநாயகம் மட்டும் பார்த்தார். பஸ்ஸில் ஏறிய பிறகும் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆட்டுக்குட்டி உள்ளே போய் வெளியே வந்தது. அடுத்தது நாம்தாம்பா என்றாள் உமையாள். டாக்டர் ஜெசிந்தா அவரை மறந்திருக்க வேண்டும் என்று அவர் வேண்டிக்கொண்டார். மூன்று மாதத்துக்கு முன்பு வெறிநாய்த் தடுப்பூசிக்கு ரஸ்க்கைக் கூட்டிவந்தபோது, சும்மா கேட்பதுபோல் கேட்டிருந்தார். என் நண்பர் ஒருத்தர், நாய்க்கு லேசர் லைட் காட்டி விளையாட்டுக் காட்டுறார், நல்லதா டாக்டர் என்று. டாக்டர் ஊசியில் மருந்தை உறிஞ்சிக்கொண்டே பொறுமையாகச் சொன்னாள். வெளியே கூட்டிக்கொண்டு போக முடியாதவங்களுக்கு, மழைக்காலத்துக்கு, அது ஒரு வசதிதான் சார், நாய்க்கு உடம்பு அசையும், கொழுப்பு சேராது, மத்தியானம் நல்லாத் தூங்கும். தரையிலேயே காட்டணும், அஞ்சு நிமிஷத்துக்கு மேல வேண்டாம், கண்ணுல படவே கூடாது. முக்கியமானது, முடிக்கும்போது வெளிச்சத்தை ஒரு பந்துமேலயோ பிஸ்கட்மேலயோ கொண்டுபோய் நிறுத்தி, அதைக் கவ்வ விடணும். விரட்டினது வாயில அகப்படணும் சார். அகப்படலைன்னா அதுக்கு ஆட்டம் முடியவே முடியாது, அப்புறம் நிழலைத் துரத்தும், சுவரைப் பார்த்துக்கிட்டே உட்காரும், சோறு இறங்காது. கண்ணால பார்த்து வேட்டையாடுற சாதின்னா ஆரம்பிக்கவே வேண்டாம்னு சொல்லுங்க உங்க நண்பர்கிட்ட. சொல்றேன் என்று சொல்லி அவர் ரஸ்க்கைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அன்றைக்கு ஒரு நாள் பாயிண்டரைத் தொடவில்லை. அந்த ஒரு நாளை அவர் எத்தனையோ முறை கையில் எடுத்துப் பார்த்திருக்கிறார், தன்னுடைய நல்லதனத்துக்குச் சாட்சியாக. மறுநாள் பகவதி பள்ளிக்கூடம் போனதும் ரஸ்க் வந்து அவருக்கு எதிரே நின்றது. சுவரைப் பார்க்கவில்லை. அவருடைய வலது கையைப் பார்த்தது. இந்த உலகத்தில் அவருடைய வலது கையை அப்படிப் பார்க்க இப்போது வேறு யார் இருக்கிறார்கள்.

உள்ளே டெட்டால் நெடி. எவர்சில்வர் மேசையில் ரஸ்க்கை ஏற்றினார்கள். எடை பார்த்த டாக்டர் பழைய சீட்டைப் பார்த்து, ஆறு கிலோ குறைஞ்சிருக்கே என்றாள். உமையாள்தான் எல்லாவற்றையும் சொன்னாள், எப்போதும் சுவரைப் பார்ப்பதை, சாப்பிடாததை, தூக்கத்தில் கால்கள் ஓடுவதை. கடைசியில், அப்பா தங்கமாப் பாத்துக்கிட்டாங்க டாக்டர், அவங்க முழங்கால் வலியோட, என்றாள். டாக்டர் சின்ன டார்ச்சை எடுத்து ரஸ்க்கின் கண்ணில் அடித்தாள். ரஸ்க்கின் உடம்பு முழுவதும் கம்பிபோல விறைத்தது. நடுங்க ஆரம்பித்தது, எச்சில் நூலாக ஒழுகியது. டாக்டர் உடனே அணைத்தாள். அணைந்ததும் ரஸ்க் டார்ச்சைத் தேடவில்லை. திரும்பிக் கோமதிநாயகத்தைப் பார்த்தது, அவருடைய சட்டைப்பையை. அவர் கை தானாகப் போய்ப் பையை மூடிக்கொண்டது. நெஞ்சு வலிக்குதாப்பா என்று உமையாள் பதறினாள். இல்லம்மா, வாயு. டாக்டர் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள், வீட்டில் யாராவது லைட் காட்டி விளையாட்டுக் காட்டினீர்களா என்று. அவர் வாயைத் திறப்பதற்குள் உமையாள் சிரித்துவிட்டாள். இரண்டு நாளில் அவள் முதல்முறையாகச் சிரித்தாள். “எங்க அப்பாவா? அவங்களுக்கு என்கூடவே விளையாடத் தெரியாது டாக்டர், நாய்கூடவா விளையாடப் போறாங்க.” டாக்டர் சிரிக்கவில்லை. “உங்க நண்பர் ஒருத்தர் நாய் வச்சிருந்தாரே சார், அது எப்படி இருக்கு?” என்று கேட்டாள். மறக்கவில்லை. இப்போது சொல்லலாம். ஒரு வாக்கியம்தான். சொன்னால் நாய் பிழைக்கும், மகளோடு பூனா போகும், அங்கே மண்ணில் ஓடும், மெல்ல மெல்லச் சுவரை மறக்கும். மகள் அவரை மறக்கமாட்டாள். “அது செத்துப்போச்சு டாக்டர்” என்றார். குரல் நன்றாகத்தான் வந்தது, மீட்டிங்கில் வருவதுபோல.

டாக்டர் பெருமூச்சு விட்டாள். அப்படியானால் மூளையில் ஏதோ கோளாறு, வலிப்பின் ஒரு வகையாக இருக்கலாம், இதற்குத் தினம் இரண்டு வேளை மாத்திரை, ஆயுசு முழுக்க, எந்நேரமும் மந்தமாகத்தான் கிடக்கும். மயக்க ஊசி போட்டு ரத்தமும் முதுகுத்தண்டு நீரும் எடுத்துப் பார்க்க வேண்டும், இந்த நிலையில் மயக்கம் தெளியாமலே போகவும் வாய்ப்பு உண்டு, அதற்குச் சம்மதக் கையெழுத்து வேண்டும். ரயில் சான்றிதழ் தர முடியாது. உமையாள் ரஸ்க்கின் முதுகைத் தடவினாள். பிறகு அவர் தோளில் கை வைத்து, அப்ப இவன் இங்கயே உங்ககூட இருக்கட்டும்பா, உங்ககிட்டதான் அடங்குறான் என்றாள். இங்கேயே இருக்கட்டும். அந்தச் சொல் உள்ளே இறங்கியது. இறங்கிய இடத்தில் இருந்து அந்த இதம் புறப்பட்டது, அலமாரிக்குப் பின்னால் அது நின்ற மத்தியானத்தின் அதே இதம். மகளின் கண் கலங்கியிருக்கிறது, நாயின் முதுகுத்தண்டில் ஊசி இறங்கப் போகிறது, அவருடைய கட்டைவிரல் கால்சட்டை மடிப்பின்மேல் மெல்ல அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்து அவரே பயந்தார். நிறுத்து என்றார். அது நிற்கவில்லை.

டாக்டர் தாளை நீட்டினாள். தன் கோட்டுப் பைகளைத் தட்டிப் பார்த்தாள், என் பேனாவைக் கம்பவுண்டர் கொண்டுபோயிட்டார் போல என்றாள். அப்பா பையில இருக்கு டாக்டர் என்று உமையாள் திரும்பினாள். சின்ன வயதில் வீட்டுப்பாடம் எழுத அவர் பையிலிருந்து பேனா எடுப்பாளே, இரண்டு விரலால், கிச்சுகிச்சு மூட்டுவதுபோல, அப்படியே எடுத்தாள். அவர் கை பையை மூட எழுந்தது, மூடுவதற்குள் பை காலியாகிவிட்டது. அவள் அதைத் தாளின்மேல் வைத்துத் தலையிலிருந்த பொத்தானை அழுத்தினாள். வெள்ளைத் தாளில் சிவப்பாக ஒரு புள்ளி விழுந்தது. விட்டாள், மறுபடி அழுத்தினாள். மேசையில் ரஸ்க் எழுந்து நின்றது. உமையாள் புள்ளியைப் பார்த்தாள், நாயைப் பார்த்தாள், நாயின் மூக்கு நுனியைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். அவள் கை உயர்ந்தது. நடுங்கித்தான் உயர்ந்தது என்று பிற்பாடு அவர் தனக்குச் சொல்லிக்கொள்ளலாம். புள்ளி தாளைவிட்டு இறங்கியது, தரைக்கு வந்தது, அவருடைய கால் பெருவிரலில் ஏறியது, முழங்காலில் ஏறியது, சட்டையின் மூன்றாவது பொத்தானில் வந்து நின்றது. அங்கேயே நின்றது. அசையாமல் பிடிக்க எத்தனை வருடப் பழக்கம் வேண்டும் என்று அவருக்குத் தெரியும். இவளுக்குப் பழக்கம் வேண்டியிருக்கவில்லை. “உமையா” என்றார், “வேண்டாம்மா.” அழுத்திய அழுத்தத்தில் அவளுடைய கட்டைவிரல் நகம் வெளுத்திருந்தது. அவருடைய வலது கை தானாக உயர்ந்து நெஞ்சைத் தட்டிவிட்டது, பூச்சியைத் தட்டிவிடுவதுபோல, மறுபடி தட்டிவிட்டது. பால்துரையின் கை. புள்ளி இப்போது அந்தப் புறங்கையில் இருந்தது. ரஸ்க் மேசையிலிருந்து பாய்ந்தது. ஒன்பது மாதம் தரையிலும் சுவரிலும் அலமாரிச் சந்திலும் தேடியது சதையும் சூடுமாக வாய்க்குள் வந்துவிட்டது. பற்கள் எலும்பு வரை இறங்கின. உறுமல் இல்லை, கோபம் இல்லை, வால் ஆடிக்கொண்டிருந்தது, காதுகள் பின்னால் படிந்து, கண்கள் பால் குடிக்கும் குட்டியின் கண்கள்போல் பாதி மூடியிருந்தன. ரத்தம் முழங்கையிலிருந்து சொட்டிய பிறகுதான் உமையாள் கட்டைவிரலை எடுத்தாள். வெளிச்சம் போய்விட்டது. ரஸ்க் விடவில்லை. இழுக்காதீங்க சார், இழுத்தா கிழிஞ்சிடும் என்று டாக்டர் கத்தினாள். அவர் இழுக்கவில்லை.